விளக்குத்தூண் போட்டோவும் கேப்டன் ட்ரைப்பும் – 1858ல மதுரைய படம் புடிச்ச ஆளு

மாசிவீதிக்காரன்:
மக்களே வணக்கம். நேத்து ராத்திரி தூக்கம் வராம பழைய மதுரை படமா தேடிக்கிட்டு இருந்தப்ப ஒரு போட்டோ மாட்டுச்சு. நம்ம விளக்குத்தூணு. எங்க பெரியப்பா கடை அதுக்குப் பக்கத்துல தான், சின்ன வயசுல தீபாவளிக்கு முந்துன வாரம் பூரா அங்கதான் கெடப்பேன், அந்தத் தூண நிமிந்து பாத்ததே இல்ல, கூட்டத்துல செருப்ப மிதிச்சிருவாய்ங்கன்னு கீழயே பாத்து நடக்குற எடம் அது. இந்தப் போட்டோவுல அதே தூணு அம்போன்னு தனியா நிக்குது. 1858ன்னு போட்டிருக்கு. பேரு பிளாக்பர்ன் நினைவுத்தூண். எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப். யாருய்யா இவரு? போட்டோங்கிறதே அப்ப புதுசாச்சே, அதத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு எதுக்கு வந்தாரு?

கருப்புத்துணி:
அண்ணே நல்ல ஆளத்தான் புடிச்சிருக்கீங்க. நான் பத்து வருசமா இவரு படத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

1822ல இங்கிலாந்து டெவன்போர்ட்ல பொறந்தவர். பதினாறு பதினேழு வயசுலயே கிழக்கிந்தியக் கம்பெனியோட மெட்ராஸ் பட்டாளத்துல சேந்துட்டார், 12வது காலாட்படை. பத்து வருசத்துக்கு மேல இங்க இருந்துட்டு லீவுல ஊருக்குப் போனப்பதான் போட்டோ பைத்தியம் புடிக்குது. லண்டன்ல போட்டோகிராஃபிக் சொசைட்டி 1853ல ஆரம்பிச்சாங்க, அதே வருசம் இவரும் மெம்பர். 1854ல பெங்களூர் திரும்புறார், அந்த டிசம்பர்லயே சொந்த ஆர்வத்துல ஹளேபீடு, பேலூர் கோயிலுக்குக் கேமராவோட போயிட்டார். அந்தப் படங்கள 1855ல மெட்ராஸ்ல நடந்த கண்காட்சியில வச்சப்ப மெடல் கெடச்சுது. அதுக்கப்புறம்தான் மேலதிகாரிங்க கண்ணுல பட்டது, அதே வருசம் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோட அனுப்பிட்டாங்க.

1856 கடைசியில மெட்ராஸ் மாகாணத்துக்கு அரசாங்க போட்டோகிராபர்னு போஸ்டிங். 1857 டிசம்பர்ல பெங்களூர்லருந்து மாட்டு வண்டியில சாமான ஏத்திக்கிட்டுக் கிளம்பி ராயக்கோட்டை, சேலம் பக்கம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறுன்னு சுத்தி மெட்ராஸ் போய்ச் சேர்றார். வடக்க சிப்பாய் கலவரம் எரிஞ்சுக்கிட்டு இருந்த அதே நேரம், அத மறந்துராதீங்க. மதுரைக்கு வந்தது 1858 ஜனவரி, பிப்ரவரி. உங்க விளக்குத்தூண் அப்ப எடுத்தது.

பரோட்டாபிரியன்:
ட்ரைப்னா இங்கிலீஷ்ல ஆட்டுக்குடல் தான? குடல் குழம்புக்குப் பேர் போன ஊருக்கு சரியான ஆளத்தான் அனுப்பிருக்காய்ங்க 😂

மாசிவீதிக்காரன்:
@பரோட்டாபிரியன் யோவ் 😂😂 இனிமே அந்தப் பேரப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பசிக்கும்.

@கருப்புத்துணி நன்றி தம்பி. இன்னொரு டவுட்டு. அந்த பிளாக்பர்ன் தான கோட்டைச் சுவர இடிச்ச கலெக்டர்? எங்க தாத்தா சொல்லுவாரு, கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூடுனதுக்கு அப்புறம்தான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதியெல்லாம் வந்துச்சுன்னு. மாரட்டுங்கிறது சர்வேயர் தொரை, பெருமாள் அவருக்கு மேஸ்திரி.

கருப்புத்துணி:
அவரேதான். 1830கள், 40கள்ல மதுரை கலெக்டர். அப்பிடிப் பாத்தா ட்ரைப் வந்தப்ப சுவர் போயி ரொம்ப வருசம் ஆகல, அவரு எடுத்தது பழைய கோட்டைக்குள்ளருந்து அப்பத்தான் வெளிய வந்த ஊரு. அந்தத் தூணையும் ‘பழம்பெருமை’ன்னு எடுக்கல, அன்னைக்கு அது புத்தம் புது ஐட்டம். நமக்குத்தான் இன்னைக்கு அது பழசு.

செங்கல்சூளை:
எல்லாரும் ஆஹா ஓஹோன்னு போறீங்க, ஒரு மாத்துக் கருத்தையும் கேளுங்க. நான் ட்ரைப்போட மதுரை ஆல்பத்தப் பாத்திருக்கேன். மதுரையில மனுசனே இல்ல. கோயில், மண்டபம், குளம், மலை. 1858ல மதுரையில ஆளே இல்லையா? பூக்காரி எங்க, நெசவாளி எங்க? ஆட்சியப் புடிச்சவன் சொத்துக்கணக்கு எடுக்கறான், இன்னின்ன கட்டடம் நம்ம கையில இருக்குன்னு ரிஜிஸ்டர் போடறான், அதுக்கு நாம கலைன்னு பேர் வச்சு கைதட்டறோம். மீனாட்சியம்மன் கோயில் நகையக்கூட வரிசையா வச்சுப் படம் எடுத்திருக்காரு. அது எதுக்காம்?

கருப்புத்துணி:
சொத்துக்கணக்குங்கிறத மறுக்கல. சம்பளம் குடுத்தவன் கம்பெனி, வேலை லிஸ்ட்டும் அவன் குடுத்ததுதான். ஆனா ஆள் இல்லாததுக்கு ஒரு காரணம் கெமிஸ்ட்ரி தோழர். அப்ப இவரு பயன்படுத்துனது மெழுகு பூசுன பேப்பர் நெகட்டிவ். வெயில்லயே நிமிசக் கணக்குல லென்ஸத் தொறந்து வைக்கணும். நடந்து போற ஆள் பதியவே மாட்டான். நின்னவன் தலைய ஆட்டுனா பேய் மாதிரி ஒரு புகை. பூக்காரி அங்க உக்காந்து பூ கட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பா, பேப்பருக்கு அவளப் பாக்க நேரம் பத்தல.

செங்கல்சூளை:
அதுவும் பாதி நியாயம்தான். ஆள நிக்க வச்சு எடுத்திருக்கலாம்ல, மத்தவங்க எடுத்தாங்களே. விடியக்காலையில யாரும் வரதுக்கு முன்னாடி போயி எடுக்கறதும் ஒரு தேர்வுதான்.

கருப்புத்துணி:
சரி, அதுவும் தேர்வுதான், ஒத்துக்கறேன்.

அடுப்படி_அம்மிணி:
மெழுகு பேப்பரா? அதெப்படி வேலை செய்யும்? புரியற மாதிரி சொல்லுங்க, நான் வீட்டுல மெழுகுவத்தி செய்யறவ.

கருப்புத்துணி:
அம்மிணி, உங்களுக்குத்தான் இது சட்டுனு புரியும். நல்ல மெல்லிசு பேப்பர எடுத்து தேன்மெழுக உருக்கி ஊத்தி, ரெண்டு மை உறிஞ்சுற தாளுக்கு நடுவுல வச்சு இஸ்திரிப்பெட்டியால தேய்க்கணும். பேப்பர் எண்ணெய் பட்ட பஜ்ஜித்தாள் மாதிரி கண்ணாடியாத் தெரியும். அப்புறம் அயோடைடு கரைசல்ல ஊற வச்சுக் காயப்போடணும். கடைசியா வெள்ளி நைட்ரேட்ல முக்குனாத்தான் வெளிச்சத்துக்குக் கூச்சப்படும். இதுல சௌகரியம் என்னன்னா முன்கூட்டியே தயார் பண்ணி வச்சுக்கலாம். அப்ப புதுசா வந்த கண்ணாடித்தகடு முறையில ஈரம் காயறதுக்குள்ள எடுத்து அங்கயே டெவலப் பண்ணணும், வண்டியோட இருட்டறைக் கூடாரமும் கூடவே வரணும். மாட்டு வண்டிக்காரருக்கு பேப்பர்தான் லாயக்கு, ஒடையவும் ஒடையாது.

நானும் ரெண்டு வருசம் முன்னாடி செஞ்சு பாத்தேன். சித்திரை மாசம். ஃபேன போட்டா தூசி, போடலைன்னா வேர்வை சொட்டுது. மெழுகு சரியா எறங்கல, அங்கங்க திட்டு திட்டா. அம்மாவோட இஸ்திரிப்பெட்டியில மெழுகு ஒட்டி அடுத்த நாள் அப்பா வெள்ளச் சட்டையில ஒரு பெரிய மஞ்ச வட்டம். படத்த வெளிய கொண்டுவர்ற கேலிக் அமிலத்துல பேப்பர போட்டுட்டு மணிக்கணக்குல காத்திருந்தேன், கடைசியில வந்தது ஒரு மொட்டை மாடி, அதுவும் பாதி. இந்த மனுசன் 12க்கு 15 இஞ்ச் பேப்பர்ல, அப்ப பெருசு பண்ற மெஷினும் கெடையாது, நெகட்டிவ் எம்புட்டோ பிரிண்ட்டும் அம்புட்டுதான், அப்பிடின்னா கேமராவே ஒரு தகரப்பெட்டி சைஸு, அதத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல தெருத்தெருவா... அன்னைக்குத்தான் அவரு மேல மரியாதையே வந்துச்சு.

அடுப்படி_அம்மிணி:
மெழுகுக்கறை போகணும்னா மேல பிளாட்டிங் பேப்பர வச்சுத் திரும்ப இஸ்திரி போடணும். அப்பாகிட்ட சொல்லுங்க 🙂

தென்கரைவாசி:
தஞ்சாவூர்க்காரன் வந்துட்டேன். மதுரைக்காரங்க தூணப் பத்திப் பேசறீங்க, ட்ரைப் செஞ்ச பெரிய வேலை எங்க பெரியகோயில்லதான். விமானத்தோட அடிப்பகுதியச் சுத்தி கல்வெட்டு ஓடுதுல்ல, அத ஒரே படமா எடுக்க முடியாதுன்னு கேமராவ நகட்டி நகட்டி வச்சு 21 படம் எடுத்து ஒட்ட வச்சு ஒரே சுருளாக்கிருக்காரு. நீளம் கிட்டத்தட்ட 19 அடி. ஒவ்வொரு தடவையும் சுவருக்கும் கேமராவுக்கும் அதே தூரம் இருக்கணும், வெளிச்சம் மாறக்கூடாது, எழுத்து ஒண்ணோட ஒண்ணு சேரணும். இன்னைக்கு போன்ல பனோரமா எடுத்தாலே நடுவுல ஒருத்தன் தலை ரெண்டா வருது.

அவருக்குத் தமிழ்க் கல்வெட்டு படிக்கத் தெரிஞ்சிருக்காது. அப்ப அந்த எழுத்த முழுசா யாரும் படிச்சு வெளியிடவும் இல்ல. ஹுல்ட்ஷ்னு ஒரு கல்வெட்டு ஆய்வாளர் படிச்சு அது புத்தகமா வந்தது 1890கள்ல. கோயிலக் கட்டுனது ராஜராஜன்னு ஊருலகத்துக்கு உறுதியானதே அந்தக் காலத்துலதான், அதுக்கு முன்னாடி ஆளுக்கொரு கதை. “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்”னு ராஜராஜன் சொல்றது இதே அதிட்டானத்துல, அதான் அந்த அடிப்பகுதியிலதான் இருக்கு. வாசிக்க ஆள் வரதுக்கு முப்பது வருசம் முந்தியே ஒருத்தர் அந்த எழுத்துங்கள வரிவரியா படம் புடிச்சு வச்சுட்டாரு. @செங்கல்சூளை அண்ணன் சொல்ற சொத்துக்கணக்கு இங்க நம்ம பக்கம் திரும்பிருச்சு பாருங்க.

செங்கல்சூளை:
இது எனக்குத் தெரியாது. 19 அடி சுருளா? எங்க இருக்கு அது?

தென்கரைவாசி:
லண்டன்ல, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல. எங்க இருக்கும்னு நெனச்சீங்க 😏

செங்கல்சூளை:
அதானே. என் பாயிண்ட்டுக்கே வந்து சேந்துட்டீங்க.

ரங்கூன்பேத்தி:
பர்மாங்கிற வார்த்தையப் பாத்து உள்ள வந்தேன். எங்க ஆத்தா ரங்கூன்ல பொறந்தவங்க, 1960கள்ல கப்பல்ல திரும்பி வந்த குடும்பம். அந்த பர்மா படங்களப் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன்.

கருப்புத்துணி:
அக்கா, 1852 சண்டையில பர்மாவோட பெகு பகுதிய இங்கிலீஷ்காரன் புடிச்சுக்கிட்டான்ல, அதுக்கப்புறம் பர்மா ராஜா மிண்டோனோட பேசி ஒப்பந்தம் போட 1855 ஆகஸ்ட்டுல ஒரு குழு ஐராவதி ஆத்துல கப்பல்ல போச்சு. தலைவர் ஆர்தர் ஃபேர், செக்ரட்டரி ஹென்றி யூல். படம் வரைய கோல்ஸ்வொர்தி கிராண்ட்னு ஒரு ஓவியர், போட்டோவுக்கு ட்ரைப். மழைக்காலம், உடம்பு சரியில்ல, குழு நிக்கற எடத்துலதான் நிக்கணும், இவரா எங்கயும் தங்க முடியாது. மொத்தத்துல 36 நாள்தான் வேலை செய்ய முடிஞ்சதுன்னு அவரே எழுதிருக்காரு. அதுலயே 200க்கு மேல நெகட்டிவ். அதுலருந்து 120 படத்தப் பொறுக்கி 50 செட் போட்டார். 6000 பிரிண்ட்! மிஷின் கெடையாது, ஒவ்வொண்ணையும் நெகட்டிவ்வோட சேத்து வெயில்ல வச்சு பெங்களூர்ல காய வச்சு எடுத்தது. முடிக்கவே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.

ஒப்பந்தம் நடக்கல, குழு வெறுங்கையோட திரும்புச்சு. படம்தான் மிஞ்சுச்சு. அதுல ஒரு விசேசம், அப்ப தலைநகரம் அமரபுரா. ரெண்டே வருசத்துல மிண்டோன் மாண்டலேய கட்ட ஆரம்பிச்சு தலைநகரத்தையே மாத்திட்டார், மர அரண்மனையக் கழட்டி அங்க தூக்கிட்டுப் போனாங்க. அமரபுரா ராஜதானியா இருந்தப்ப எப்பிடி இருந்துச்சுன்னு போட்டோவுல பாக்கணும்னா ட்ரைப் தான். பாகன் கோயில்கள், ரங்கூன் ஷ்வேடகோன் எல்லாம் இருக்கு.

ரங்கூன்பேத்தி:
ஷ்வேடகோன்... ஆத்தா அத ‘தங்கக் கோயிலு’ன்னுதான் சொல்லுவாங்க. தேடிப் பாத்தேன். ஆத்தா பாத்ததுக்கு எண்பது வருசம் முந்தி எடுத்தது, ஆனாலும் அவங்க போட்டோவப் பாத்துட்டு அந்தப் படிக்கட்டு எந்தப் பக்கம்னு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல.

கேமராகிறுக்கன்:
ஒரு விசயம் யாரும் சொல்லல. ட்ரைப் படத்துல வர்ற மேகம் பாதி டூப்பு. நெகட்டிவ் மேல பிரஷ்ஷால வரைஞ்சது. மரத்து இலைக்கும் டச்சப் பண்ணிருக்காரு. அப்ப போட்டோஷாப் பண்ணவர இப்ப ஆவணம்னு சொல்லலாமா?

கருப்புத்துணி:
வந்துட்டாருய்யா. உண்மைதான் தல, மறைக்கல. அந்தப் பேப்பருக்கு நீலம் மட்டும்தான் நல்லா தெரியும். நீல வானம் அப்பிடியே எரிஞ்சுபோயி வெறும் வெள்ளை, இல்லைன்னா அழுக்குத் திட்டு. பச்சை எல சரியாப் பதியாம கறுப்புக் குவியலா நிக்கும். அதனால நெகட்டிவ்வுக்குப் பின்னாடி சாயத்தால வானத்த அடைச்சு, அதுல மேகத்தயும் லேசா ஏத்துவார். ஆனா கட்டடத்து மேல கைவச்சு தூண் சேத்தாரு, சிற்பத்தத் திருத்துனாருன்னு நான் எங்கயும் பாக்கல. வானத்த நம்பாதீங்க, கல்ல நம்புங்க.

கேமராகிறுக்கன்:
“வானத்த நம்பாதீங்க கல்ல நம்புங்க” – இத டீ-சர்ட்ல அடிச்சு விக்கலாம். எனக்கு இன்னொரு குறை. பத்து வருசம் கழிச்சு 1867, 68ல லயன்னு ஒருத்தர் இதே மெட்ராஸ் கவர்மெண்டுக்காக இதே கோயில்களக் கண்ணாடித் தகடுல எடுத்தாரு, மதுரையும் உண்டு. அந்தப் படங்கள்ல சிற்பத்தோட மூக்கு முழியெல்லாம் கத்தி மாதிரி. ட்ரைப் படத்துல பேப்பர் நாரு தெரியுது. விவரம் வேணும்னா லயன் தான்.

கருப்புத்துணி:
விவரத்துக்கு லயன்னு எழுதிக் குடுத்துடறேன். ஆனா புது மண்டபத்துத் தெக்குப் பக்க நடைய ட்ரைப் மேற்கு வாசல்லருந்து எடுத்த படத்த ஒருக்கா முழுசா பெருசு பண்ணிப் பாருங்க. ஒரு பக்கத்துலருந்து வெளிச்சம் சாஞ்சு வந்து தூண் தூணா விழுந்து உள்ள போகப் போக மங்கிக்கிட்டே போகும். நாரு இருக்கறதாலயே கல்லு கல்லு மாதிரி இருக்கு. லயன் படத்துல எனக்குச் சிற்பம் தெரியும், இதுல மண்டபத்துக்குள்ள நிக்கற குளிர்ச்சி தெரியும்.

மாசிவீதிக்காரன்:
தம்பி, புது மண்டபத்துல எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் தையல் மிசின் சத்தம்தான். பள்ளிக்கூட யூனிபாரம், அழகர் வேசத்துக்கு உடுப்பு, பாத்திரக்கடை, புத்தகக்கடை. தூணுல என்ன செலை இருக்குன்னே துணிய வெலக்கிப் பாத்தாத்தான் தெரியும். இப்பக் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு. அந்தப் படத்தப் பாத்தேன். வெறிச்சுன்னு கெடக்கு. அழகாத்தான் இருக்கு, பொய் சொல்லல, ஆனா எனக்கு என்னமோ டெய்லர் ஒருத்தர் ஓரத்துல ஒக்காந்திருக்கணும்போல இருந்துச்சு.

செங்கல்சூளை:
அண்ணே, இதத்தான் நான் முதல்லருந்து சொல்றேன் 🙏

ஆனைமலைஅடிவாரம்:
நான் ஒத்தக்கடைப் பக்கம். யானைமலையையும் அந்த ஆளு எடுத்திருக்காரு, ஒரு முனைப் பக்கத்துலருந்து. கட்டடம் எடுக்கற ஆளு மலைய ஏன் எடுத்தாருன்னு யோசிச்சேன். கோபுரம் எடுக்கற மாதிரியேதான் எடுத்திருக்காரு, நடுவுல நிறுத்தி, தரையிலருந்து எழும்பி. கிரானைட்டுக்காக எங்க பக்கத்துல எத்தன மலை காணாமப் போச்சுன்னு தெரியும்ல. இந்த மலை அதே உருவத்துல இன்னும் நிக்குதுன்னு போட்டோவையும் சன்னலையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டேன்.

தென்கரைவாசி:
மாறுனதும் நெறைய. திருமலை நாயக்கர் மகால் ட்ரைப் எடுத்தப்ப சிதிலமாக் கெடந்துச்சு. நேப்பியர் கவர்னரா இருந்தப்ப, 1866க்கு அப்புறம்தான் செப்பனிட்டாங்க. ஸ்ரீரங்கம் தெற்கு ராஜகோபுரம் அப்ப மொட்டையா நின்னுச்சு, 1987ல தான் 13 நிலையும் முழுசாச்சு. எங்க ஊர் அரண்மனை வேற, கடைசி ராஜா சிவாஜி 1855ல ஆண் வாரிசு இல்லாம செத்துப்போயி கம்பெனி ராஜ்ஜியத்தச் சுருட்டிக்கிச்சு. மூணே வருசத்துல கேமரா வருது. செங்கல்சூளை சொன்ன ரிஜிஸ்டர் இங்க ரொம்பப் பொருந்தும், எனக்கே அந்த அரண்மனைப் படங்களப் பாக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கும்.

அடுப்படி_அம்மிணி:
இவ்ளோ பண்ணவரு அப்புறம் ஏன் பேர் தெரியாம போனாரு?

கருப்புத்துணி:
காசு அம்மிணி. மெட்ராஸ் போய்ச் சேந்ததும் அங்க மியூசியத்துல இருந்த ஆந்திரா அமராவதி பௌத்த சிற்பங்கள எடுத்தார், வால்டர் எலியட்னு ஒரு கம்பெனி அதிகாரி தோண்டிக் கொண்டுவந்தது. நல்ல நேரத்துல எடுத்தார், 1859ல அந்தக் கல்லுல பெரும்பாலானத கப்பலேத்தி லண்டன் அனுப்பிட்டாங்க, இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல கெடக்கு. அப்புறம் ஆல்பம் ஆல்பமா பிரிண்ட் போட்டுக்கிட்டு இருந்தப்ப புதுக் கவர்னர் வந்தாரு, சார்லஸ் ட்ரெவெல்யன். அயர்லாந்துப் பஞ்சத்தப்ப லண்டன்ல கஜானா அதிகாரியா இருந்து பேர் கெடுத்துக்கிட்டவர். சிப்பாய் கலவரச் செலவுல கஜானா காலி. இந்த நெலமையில போட்டோ ஒரு ஆடம்பரம்னுட்டு நிப்பாட்டச் சொன்னாரு. 1860ல கடைய மூடியாச்சு. வேடிக்கை என்னன்னா புது வருமான வரிய எதுத்துப் பகிரங்கமா எழுதி அதே 1860ல ட்ரெவெல்யனையும் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க.

ட்ரைப்புக்கு அப்ப வயசு 38. மறுபடி பட்டாளம். பத்து வருசம் கழிச்சு பர்மா டாங்கூல கொஞ்சம் எடுத்ததத் தவிர கேமராவத் தொடல. மேஜர் ஜெனரல்னு பட்டத்தோட ரிட்டயர் ஆகி டெவன்போர்ட்லயே 1902ல செத்துப்போனாரு. மொத்த வேலையும் ஆறேழு வருசம். 2014ல வாஷிங்டன்ல பெரிய கண்காட்சி வச்சு, நியூயார்க், லண்டன்லயும் காட்டுனப்பதான் நெறையப் பேருக்குத் தெரிஞ்சுது.

பரோட்டாபிரியன்:
பட்ஜெட் கட்டுன்னு சொல்லி நல்ல வேலைய ஊத்தி மூடுறது 1860லயே இருந்திருக்கு. எங்க ஆபீஸ் கவர்னருக்கு இந்த லிங்க்க அனுப்பறேன்.

மாசிவீதிக்காரன்:
ரெண்டு நாளா இந்த இழைதான் மண்டைக்குள்ள ஓடுது. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, விடியக்காலம் அஞ்சே முக்காலுக்கு விளக்குத்தூணுக்குப் போனேன். ட்ரைப் எங்க நின்னுருப்பாருன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன், என் கணக்குக்கு அந்த எடம் இப்ப ஒரு துணிக்கடை ஷட்டருக்குள்ள போகுது. சரின்னு முன்னாடி தள்ளி நின்னேன். போன ஸ்டாண்டுல மாட்டி, ஒரு ஆப் இருக்கு, ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வைக்கும். நாலு நிமிசம் வச்சேன். அதுக்குள்ள ஒரு பால்காரரு, ரெண்டு ஆட்டோ, கூட்டறக்கா ஒருத்தங்க, நாயி ஒண்ணு, அம்புட்டும் குறுக்க போச்சு. படத்துல ஒண்ணையும் காணோம். தூணு மட்டும் நிக்குது.

கூட்டறக்கா வந்து என்னண்ணே ரொம்ப நேரமா நிக்கிறீகன்னு எட்டிப் பாத்தாங்க. காட்டுனேன். “நான் எங்க, இங்கனதான கூட்டிக்கிட்டு இருந்தேன்”னாங்க. அப்புறம் அவங்கள தூணுக்குப் பக்கத்துல அசையாம நிக்கச் சொல்லி இன்னொண்ணு எடுத்தேன். விளக்கமாறு லேசா ஆடிப்போச்சு, மத்தபடி ஆளு நல்லா விழுந்திருக்காங்க. @செங்கல்சூளை உங்களுக்காக எடுத்தது. அவங்ககிட்ட கேட்டுட்டு நாளைக்கு இங்க ஏத்தறேன்.

செங்கல்சூளை:
ஏத்துங்கண்ணே. விளக்கமாறு ஆடுனதத் திருத்திராதீங்க.